பன்னிரண்டாம் அறையின் மஞ்சள் தொட்டி

"இந்தப் பைய எடுக்க மாட்டேன் சிஸ்டர்."

"ஏன், ஒழுங்காத்தானே கட்டியிருக்கு?"

"கட்டு நல்லாத்தான் கீது. உள்ள இளநி கீதே. பஞ்சு இவ்ளோ வெயிட் இருக்காது."

இரண்டு வருடத்துக்கு முன் முதஸ்ஸிர் ரூஹியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரிகளிலிருந்து, மஞ்சள் பைகளில் கட்டிய ரத்தப் பஞ்சையும் கட்டுத்துணியையும் எரிக்கக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டுகிறவன் அவன். மயிலாப்பூரின் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் கழிவுகளைப் பிரித்து அனுப்பும் பொறுப்பு நர்ஸ் ரூஹிக்கு. அவன் திருப்பித் தள்ளிய பைகளுக்காக மேட்ரனிடம் அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. போயும் போயும் இவன் மேலா மனசு விழ வேண்டும் என்று அவளுக்கே எரிச்சலாக இருக்கும். "குப்பை வண்டிக்காரனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று ஒருநாள் அவன் சிரித்தபோது, நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நந்தனத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பன்னிரண்டாம் அறையின் மஞ்சள் தொட்டியைத் திறந்தவள் தலையில் கை வைக்காத குறைதான். ரத்தப் பஞ்சுக்கு நடுவே அரளி மாலை, வெற்றிலை, இரண்டு தேங்காய் மூடி.

"மாமி, இதுல போடக் கூடாதுன்னு நேத்தே சொன்னேனே."

பேரன் பிறந்த பூரிப்பில் இருந்த காமாக்ஷி மாமி அசரவில்லை. "அம்பாளுக்குச் சாத்தின மாலைம்மா. அந்தப் பச்சைத் தொட்டியில எச்சில் இலையா கிடக்கு. இதுதான் மஞ்சளா, மங்களமா இருந்தது."

"உங்க மருமகளோட நஞ்சுக்கொடி இந்த மாதிரி மஞ்சள் பையிலதான் போச்சு மாமி."

"சிவ சிவா. இதை மொதல்லயே சொல்லப்படாதோ?"

ரூஹி பல்லைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் பட்டாயிற்று, இனி எதையும் வெளியே எடுக்க முடியாது. பையைக் கட்டி, சண்டைக்குத் தயாராகவே கீழே இறங்கினாள்.

முதஸ்ஸிர் பையைத் தூக்கிப் பார்த்தான். "தேங்காயா?"

"ஆமா. ரத்தத்துல ஊறிடுச்சு. எடுக்க மாட்டேன்னா, நீங்களே மேல வந்து மாமிகிட்டப் பேசிக்குங்க."

அவன் திருப்பித் தள்ளாமல் வண்டியில் ஏற்றினான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இன்னைக்கு என்ன, வாய் திறக்கலை?"

"கடைசி நாளு சிஸ்டர், எதுக்குச் சண்டை? என்னை ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் மாத்திட்டாங்க. நாளைலேர்ந்து தனபாலன்னு ஒருத்தரு வருவாரு. நல்ல மனுசன், எதைக் குடுத்தாலும் எடுத்துக்குவாரு."

வண்டிக் கதவைச் சாத்தினான். இன்னும் ஒரு நிமிடம் போனால் தெருமுனை திரும்பிவிடுவான். இந்த ஆள் தானாகச் சொல்லுவான் என்று இரண்டு வருடம் காத்திருந்த தன் மடத்தனத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் பொங்கியது. கையுறையைக் கழற்றி, கையுறைகளுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டாள்.

"நில்லுங்க. ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வராங்க. அதுக்கு முன்னாடி நீங்க எங்க வீட்டுக்கு வந்து, அத்தாகிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க."