மெல்டெமி கப்பலுக்கு வேகவைத்த கோதுமை

வெந்த கோதுமையை ருசிபார்க்க ஒரு வாய் போட்டேன். கடக்கென்று பல்லில் கல்.

"கண்ணு எங்க இருந்துச்சுக்கா? ஒரு கல்லைக்கூட ஒழுங்காப் பொறுக்க மாட்டியா?" என்று கத்தினேன்.

அக்கா கலியோபி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலோரத்தில் ஒரு குவளை இருந்தது, விடிந்ததிலிருந்து அவள் பொறுக்கிப் போட்ட கற்கள் அதில் பாதிக்கு மேல் கிடந்தன. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மாதுளை முத்தும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரைத் தூளை அழுத்திப் பரப்பி, நடுவில் வெள்ளிநிற மிட்டாய்களால் அத்தான் ஸ்டமாத்திஸ் பெயரின் முதலெழுத்தைப் பதித்தாள்.

"எழுத்து கலையாமத்தான் திரும்பி வரப்போகுது. எதுக்கு இந்தப் பாடு?"

"தட்டைப் பிடிடி. வாயை மூடு."

பதின்மூன்று வருடமாக நினைவுநாள்தோறும் இதே கூத்து. செத்தவர் பெயரில் வைக்கும் கோதுமையில் ஒரு பிடி வாயில் போட்டு, "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். தொடாமல் போனால் மன்னிக்கவில்லை என்று அர்த்தம். அத்தானோடு மூழ்கிய மெல்டெமி கப்பலில் பிழைத்தவர்கள் மற்ற வீட்டுத் தட்டுகளையெல்லாம் வழித்துச் சாப்பிடுவார்கள். எங்கள் தட்டு மட்டும் போனது போலவே வீடு திரும்பும். மறுநாள் காலை என் கோழிகளுக்கு விருந்து.

பிரேயஸ் துறைமுகத்துத் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எல்லோரும் முற்றத்தில் கூடினோம். மீசை சரியாக முளைக்காத கடற்படை அதிகாரி ஒருவன் கப்பலின் வரலாற்றைப் படித்தான். அது எனக்கே மனப்பாடம். நாசகாரிக் கப்பல் மெல்டெமி அல்பேனியப் போருக்குப் படைகளை ஏற்றிப் போனது. ஜெர்மானியர் எங்கள் நாட்டைப் பிடிக்க வந்தபோது குண்டுமழைக்கு நடுவே அலெக்சாண்ட்ரியாவுக்குத் தப்பியது. பம்பாயில் பழுது பார்க்கப்பட்டது. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் டோப்ரூக்குக்குப் போன எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாக ஓடியது. இரண்டு நீர்மூழ்கிகளைத் துரத்தியது. 1942 டிசம்பரில் டார்பிடோ பட்டு மூழ்கியது. அத்தோடு காகிதத்தை மடித்துவிட்டான்.

மூழ்கிய பிறகு நடந்ததுதான் எங்கள் வீட்டைக் குட்டிச்சுவராக்கியது. நீர்மூழ்கியைக் கொல்லக் கடலில் உருட்டிவிடும் ஆழ்குண்டுகள் கப்பலின் பின்பக்கத்தில் இருக்கும். குறித்த ஆழத்துக்குப் போனதும் தானாக வெடிக்கும். கப்பலே மூழ்கினால் அவையும் கூடவே இறங்கி, மேலே நீந்துகிற சொந்த ஆட்களின் குடலைக் கிழித்துவிடும். அதனால் கப்பலைக் கைவிடும்போது ஒவ்வொரு குண்டின் சாவியையும் திருப்பி அடக்க வேண்டும். அது அத்தானின் வேலை. கப்பல் இறங்கியது, அடியிலிருந்து வெடித்தது. நீந்திக்கொண்டிருந்த பலர் செத்தார்கள். பீரங்கிக்காரர் பண்டெலிஸின் தம்பி லெஃப்டெரிஸ், அண்ணன் கைக்கெட்டும் தூரத்திலேயே போனான். "ஸ்டமாத்திஸ் சாவியைத் திருப்பாம குதிச்சுட்டான்" என்றார் பண்டெலிஸ். அத்தானின் உடல் கிடைக்கவில்லை. மறுத்துப் பேச யாரும் இல்லை. அன்றிலிருந்து பண்டெலிஸ் தொடாத தட்டை மற்றவர்களும் தொடுவதில்லை.

வழக்கமாக அக்கா சுவரோரம் தட்டோடு நிற்பாள். அன்று நேராகப் பண்டெலிஸ் முன்னால் போய் நின்றாள்.

"பண்டெலிஸ் அண்ணே, ஒண்ணு கேக்கணும். பின்னாடி மொத்தம் எத்தனை குண்டு இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"தெரியாமத்தான் கேக்கறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஃபோட்டிஸ், கப்பலில் கொதிகலன் பார்த்தவர், மெதுவாகச் சொன்னார்: "நாப்பது இருந்துச்சும்மா. அன்னிக்கு ஒண்ணுகூட நாங்க கடல்ல போடல."

"அடியில எத்தனை வெடிச்சுது?"

ஃபோட்டிஸின் கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போனது. அந்த வெடியை வாங்கிய வயிறு. கஞ்சியைத் தவிர இன்றுவரை எதுவும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

"ஒண்ணு," என்றார். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே நின்றார்.

"மிச்சம் முப்பத்தொம்போது சாவியை யாருண்ணே திருப்புனது?"

படித்த, படிக்காத இத்தனை கடற்படைக்காரர்களில் ஒருவருக்குக்கூட வெடிக்காதவற்றைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. வெடித்தது அப்படி வலித்திருக்கிறது. எனக்கும்தான் தோன்றவில்லை, அதை யாரிடம் போய்ச் சொல்ல.

பண்டெலிஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் தம்பி செத்தது அந்த ஒண்ணுலதான்," என்றார்.

"தெரியும்ணே," என்றாள் அக்கா. "அவரும் அதுகிட்டதான் நின்னிருப்பாரு."

தட்டை அவர் முன்னால் நீட்டினாள். பண்டெலிஸ் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கினார். கரண்டி தட்டிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கயிறு இழுத்துத் தடித்த கையைச் சர்க்கரைக்குள் அப்படியே நுழைத்து, ஒரு பிடி கோதுமையை அள்ளி வாயில் போட்டார். மெல்ல மெல்ல மென்றார். சொல்ல வேண்டிய வாக்கியத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். அவர் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

தட்டைப் பார்த்தேன். அத்தானின் எழுத்து நடுவில் உடைந்து, வெள்ளி மிட்டாய்கள் ஒவ்வொன்றாக அந்தக் குழிக்குள் சரிந்துகொண்டிருந்தன.