கதவைச் சாத்தத் தெரியாதவன்

மின்தகனக் கூடத்தில் இரும்புக் கதவு இறங்கியபோது இருந்தவர்கள்: அம்மா, சித்தப்பா, தங்கச்சியோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண், காவலாளிச் சீருடையைக்கூட மாற்றாத அண்ணன். கதவு டமாரென்று விழுந்தது. அண்ணனுக்கு மட்டும் தோள் குலுங்கியது.

நேற்றுக் காலை பல் துலக்கப் போன தங்கச்சி குளியலறையிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு.

வெளியே அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணா, இப்பப் போய் இதைச் சொல்றேனேன்னு நினைக்காதீங்க. அவ முந்தாநாள் ஊத்தி வச்ச கரைசல் இன்னும் காஞ்சு படிகமாகல. நாலு மணி ஆகும். அறை மாத்தறாங்க, மத்தியானமே அந்த மேஜையைத் தூக்க ஆள் வராங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"அசைஞ்சா விரிசல் விடும்."

"ஆமா. விரிசல் விட்டா மின்சாரம் அங்கேயே நின்னுடும்."

அவனுக்குத் தெரியும். போன மாதம் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனவன், திரும்பும்போது கதவை அடித்துச் சாத்தினான். மூன்று நாள் வளர்ந்த படிகப் படலம் குறுக்கே பிளந்தது.

"கதவைச் சாத்தத் தெரியாதவனுக்குக் காவக்கார வேலை. எந்தப் புண்ணியவான் குடுத்தானோ!" என்று அவள் கத்தினாள்.

"கறை காயறதைப் பாத்துக்கிட்டு உக்கார ஒரு படிப்பு."

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவன் செல்போனை அவளே சார்ஜில் போட்டு வைத்திருந்தாள்.

தகனக் கூடத்திலிருந்து நேரே ஆய்வகத்துக்குப் போனான். கதவில் அவள் கையெழுத்தில் ஒரு தாள். 'மெதுவாகச் சாத்தவும். அண்ணா, உன்னைத்தான்.'

உள்ளே, கண்ணாடி மூடிக்கு அடியில், லேசாகச் சாய்த்து வைத்த நகமளவு சில்லு. ஈரம் மேலிருந்து கீழே மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருந்தது. அது விட்டுப்போன இடத்தில் மெல்லிய கோடுகள். அவன் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தான். சும்மா உட்காருவது அவனுக்குத் தெரிந்த வேலை.

இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள்.

"மேஜையை எடுக்கணும் சார்."

"நாலு மணிக்கு வாங்க."

"எங்களுக்கு வேற பொழப்பு இல்லையா?" என்றவன் தாளைப் படித்தான். "யார் சார் இந்த அண்ணன்?"

"நான்தான்."

அவன் முகத்தைப் பார்த்தவர்கள் வண்டியை உருட்டாமல் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்கு அந்தப் பெண் வந்து மூடியை எடுத்தாள். சில்லை, ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவே வைத்துக் காட்டினாள். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நீலம். திருப்பினாள், மொத்தமும் ஒரே நேரத்தில் இருண்டது. இன்னும் திருப்பினாள்; மறுபடி நீலம்.

"ஒரே படிகம்ணா. ஒரு பிளவு இல்ல."

"மின்சாரம் போகுமா?"

"அளந்து பாக்கணும். போகும்."

இரண்டு கையிலும் ஏந்தி அடுத்த கட்டடத்துக்கு எடுத்துப் போனாள்.

அறையில் இப்போது ஆடினால் உடைய எதுவும் இல்லை. அவன் வெளியே வந்து, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி கதவைச் சட்டம் வரை இழுத்தான். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். சத்தமே வரவில்லை. சாவியையும் அப்படியே திருப்பினான்.