பதில் சலாம்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கையிலிருக்கும் போனைச் செத்த நேரம் கவிழ்த்து வையுங்கள். ராஜபாளையத்து அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்ட ஒரு சலாமைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், வர வேண்டிய கோபம்தான்.

அனுசியாவுக்குப் பதினாறு வயது. முன்பெல்லாம் அவள் குரல் அவளுக்கே கேட்காது. மளிகைக் கடையில் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள், இவள் நின்றது நின்றபடி நிற்பாள். சிலம்பம் பழகப் போன பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. கம்போடு நிற்கிறவள் தரையைப் பார்த்தால் அடி வாங்குவாள். அதனால் ஆளைப் பார்க்கப் பழகினாள். பார்க்கப் பழகியவளுக்குப் பேசவும் வந்துவிட்டது.

மாவட்டப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். காலைப் பஸ்ஸில் கண்டக்டர், "ஏம்மா, இந்தக் கம்பு யார் கண்ணக் குத்தப் போகுது?" என்றார்.

"குத்தாதுண்ணே. ஒங்க பஸ் கூட்டம் அதுக்குப் பழகிருச்சு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மைதானத்து வாசலோடு சரி. போட்டியை நடத்தும் ஆவுடையப்பன் அங்கேயே மறித்துவிட்டார்.

"ஏட்டி, இங்க வா. சீப் கெஸ்ட் வாராவ. இந்தத் தட்டப் பிடி."

"எனக்குத்தான் சார் மொத ஆட்டம்."

"அவிய வராம எவன் ஆட்டத்த ஆரம்பிக்கப் போறான்? பொம்பளப்பிள்ள கையில தட்டு இருந்தாத்தான் பாக்க லட்சணம். பிடிம்மா."

பிடித்தாள். சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு. வெயில் ஏறியது. பையன்கள் உள்ளே ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனையாவது பன்னீர் தெளிக்கக் கூப்பிட்டார்களா? ஏன், அவன் கை தெளித்தால் பன்னீர் மணக்காதா?

விருந்தாளி வந்தபாடில்லை. காத்திருக்க முடியாமல் உள்ளே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். அனுசியாவின் பெயரைக் கூப்பிட்டது வாசலில் அடித்த மேளத்தில் அமுங்கிப்போனது. ஒருவழியாக விருந்தாளி வந்து, சந்தனம் தொட்டு, போட்டோவுக்கு நின்று, நகர்ந்த பிறகு அவள் உள்ளே ஓடினாள். அதற்குள் நடுவர் மைக்கில், "அனுசியா வரவில்லை" என்று சொல்லி, எதிராளி சப்ரீனை ஜெயித்தவளாக அறிவித்திருந்தார்.

"சார், நான் வாசல்லதான் நின்னேன்! இவியதான் நிக்கச் சொன்னாவ!"

ஆவுடையப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தட்டக் கீழ வச்சிட்டு வரவேண்டியதுதான? சரி விடு தாயி, அடுத்த வருசம் ஆடு. போட்டோவுல முன்னால நிக்கே, அது போதாதா?"

போதாதா என்று கேட்கிறார், கேட்டீர்களா! கட்டிப்போட்டதும் அவர், ஏன் ஓடவில்லை என்று கேட்பதும் அவர்.

அனுசியாவுக்குக் காது மடல் கொதித்தது. கம்பை எடுத்துக்கொண்டு நேரே களத்துக்குள் போனாள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். கம்பை நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சப்ரீனின் கண்ணைப் பார்த்து நின்றாள். இதற்குப் பெயர் சலாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் கம்பெடுத்தால் அதற்கு அந்தப் பெயர்தான். எதிரே நின்று ஒருவர் சலாம் போட்டால் பதில் சலாம் போடாமல் போகக்கூடாது என்பது சிலம்பக்காரர்கள் வழக்கம்.

"ஏ பிள்ள, வெளிய வா! என்ன அழிச்சாட்டியம் இது?"

"ஒங்ககிட்ட வம்புக்கு வரல சார். சலாம் அந்தப் பிள்ளைக்கு. ஒங்களுக்கில்ல."

சப்ரீன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, அனுசியா வயசுதான். "ஜெயிச்சாச்சு, பேசாம இரு" என்று பக்கத்தில் யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள்.

"யாரை ஜெயிச்சேன்? எதிர்ல ஆளே இல்லையே! இன்னைக்கு அவளுக்குத் தட்டு, நாளைக்கு எனக்குத் தட்டு. பதில் சலாம் போடாமப் போனா பொறவு எவ என்னை மதிப்பா?"

முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு வந்து, மண்ணைத் தொட்டு, பதில் சலாம் போட்டாள். கூட்டம் விசிலடித்தது. நடுவருக்கு வேறு வழியில்லை, ஆட்டத்தைத் தொடங்கினார்.

இரண்டு கம்பும் மோதிய சத்தத்தில் மேளம் தோற்றது. புள்ளி சமமாகவே ஏறிக்கொண்டு வந்தது. முடியப்போகிற நேரம் சப்ரீனின் கம்பு அனுசியாவின் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. கம்பு பட்டால் அடித்தவளுக்கு ஒரு புள்ளி. ஆனால் நடுவர் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியவில்லை.

"பட்டுச்சு சார்!" என்றாள் அனுசியா. கடைசி வரிசைக்கும் கேட்டது. அந்த ஒரு புள்ளியில் தோற்றாள்.

ஆவுடையப்பன் இளித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா? தோக்கதுக்கா இம்புட்டு ஆட்டம்?"

"ஆமா சார், தோத்தேன். வந்து தோத்தேன். வரலன்னு மைக்குல சொன்னீயள்ல? வந்தேன்னும் மைக்குலயே சொல்லுங்க."

அவர் அசையவில்லை. அவளும் அசையவில்லை, பக்கத்தில் வந்து நின்ற சப்ரீனும் அசையவில்லை. கடைசியில் நடுவர்தான் மைக்கை எடுத்தார். "ராஜபாளையம் அனுசியா வந்தார். ஆடினார். ஒரு புள்ளியில் தோற்றார். முதலில் சொன்னது எங்கள் தப்பு."

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் கூனாமல் வளரட்டும். உலையில் அரிசியும், வாசலில் உறவும், கூடத்தில் சிரிப்பும் குறையாமல் உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.