பல்செட்காரர் ஒளிந்த இடங்கள்

பல்செட்காரர் மனைவிக்குப் பயந்து துணி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறார் என்ற செய்தியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு மாடி அக்கா. துணி காயப்போடும் சாக்கில் அந்த வீட்டுக் கூடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர். அன்று காயப்போட்டது ஒரே ஒரு கைக்குட்டை. அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

செய்தியில் பாதி உண்மை. ஒளிந்தது வாஸ்தவம்தான். ஆனால் மனைவிக்குப் பயந்தல்ல, நாய்க்காக.

நாயின் பெயர் கொட்டாவி. யார் என்ன பேசினாலும் முகத்துக்கு நேரே வாயைப் பிளக்கும். ஒரு மழைக்கு வாசலில் ஒதுங்கியது, மழை விட்ட பிறகு போக மறந்துவிட்டது.

பல்செட்காரருக்கு வீட்டின் முன்னறைதான் தொழிற்கூடம். விரிசல் விட்ட, அளவு பிசகிய செட்டுகளைக் குப்பையில் போட மனசு வராமல், அவற்றை வீசியெறிந்து எடுத்துவரக் கொட்டாவியைப் பழக்கியிருந்தார். இப்படி ஒரு யோசனை வேறு எவருக்கும் தோன்றியிருக்காது. ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பொக்கை வாயோடு நாற்காலியில் காத்திருக்க, அவர் கண்ணெதிரிலேயே, மெருகேற்றி வைத்திருந்த அவருடைய புது மேல்வரிசையைக் கவ்விக்கொண்டு கொட்டாவி கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. மறுநாள் மேலாளரின் மகளுக்குக் கல்யாணம். எல்லாப் படங்களிலும் மனிதர், மாப்பிள்ளையைப் பிடிக்காதவர்போல வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

பல்செட்காரரின் மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்து இதைக் கூட்டிட்டுப் போவான். வந்தாக் கொடுத்துடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். அதுவரைக்கும் அது வாயில ஒரு சாமான் இருக்கக் கூடாது. பந்து, குச்சி, செருப்பு, எதுவும்.”

தம்பிக்கு ஊருக்கு வெளியே மரக் கிடங்கு. காவலுக்கு நாய் வேண்டும். சங்கிலி ஏற்கெனவே வாங்கியாயிற்று. பல்செட்காரரின் மனைவிக்கோ நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. பிறர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்து அடித்து, தான் சொன்னதையும் மாற்றத் தெரியாமல் போனவர். எப்போதோ ஒரு பால்கடைக்காரரிடம் “இனி உன் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, நான்கு வருடமாக அடுத்த தெருவுக்கு நடக்கிறார்.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று பல்செட்காரருக்குத் தெரியும். இருக்கிற நான்கு வாரமாவது கொட்டாவி சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தார். ஆனால் வெறும் கையோடு ஒரு நாயிடம் என்ன விளையாடுவது? கை தட்டினார், கொட்டாவி விட்டது. மண்டியிட்டுத் தவழ்ந்தார், முழங்கால் சொடுக்கிய சத்தத்தில் பதறிப்போய் ஓடிவந்து நக்கியது. ஒருநாள் கதவுக்குப் பின்னால் உருண்டுபோன திருகாணியைத் தேடப் போனவரைக் காணாமல் அது வீடெல்லாம் தேடி, கண்டுபிடித்ததும் துள்ளிய துள்ளலில் விளையாட்டு பிறந்தது.

“கொட்டாவீ, நான் எங்கே?”

கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் சேலைகளின் நடுவில். உடம்பில் ஒட்டிய பல்லச்சு மெழுகின் வாடை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் கொட்டாவி முதலில் தப்பான இடத்தில் தேடும். அவர் மனசு கோணக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறது என்று அவர் நம்பினார்.

மனைவி மேசையில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்வார்: “கால் தெரியுது.”

மூன்றாவது வாரம், ஒரு பாட்டியம்மா வீட்டுக்குப் போய்ப் பல்லைப் பொருத்திவிட்டு அவர் திரும்பியபோது வீடு நிசப்தமாக இருந்தது. கொட்டாவி மூக்கைத் தரையில் வைத்து அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னல் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள்.

“கால் தெரியுது,” என்றார் பல்செட்காரர்.

திரை விலகியது. “ஒட்டடை இருக்கான்னு பார்த்தேன்,” என்றார் மனைவி. கொட்டாவி அவர்மேல் ஏறிக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

“அப்போ தம்பிகிட்ட...”

“சொன்னது சொன்னதுதான்.”

கடைசி ஞாயிறு. வாசலில் வேன் நின்றது. அழைப்பு மணி அடித்தது. பல்செட்காரர் கொட்டாவியின் கழுத்தைத் தடவியபடி எழுந்தார். அடுத்த நொடி மனைவி ஒரு கையால் அவரையும் இன்னொரு கையால் நாயையும் இழுத்து அலமாரிக்குள் திணித்து, தானும் நுழைந்து கதவைச் சாத்தினார். கைப்பேசியை அணைத்தார்.

“வந்தாக் கொடுக்கறேன்னுதானே சொன்னேன்?” என்று கிசுகிசுத்தார். “ஆள் இல்லாத வீட்டுல யார் எடுத்துக் கொடுப்பா?”

மணி திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு எதிர்மாடியிலிருந்து குரல் கேட்டது. பல்செட்காரருக்கு உயிர் போயிற்று. நடந்தது முழுவதையும் ஜன்னல் வழியாக அந்த மாடி அக்கா பார்த்திருப்பார்.

“யாரு, தம்பியா? அவங்க வெளியூர் போயிட்டாங்களே! நாயையும் கூட்டிட்டு.”

“எப்ப வருவாங்க?”

“எனக்கென்ன தெரியும்? நான் அடுத்தவங்க விஷயத்துல தலையிடறதே இல்ல. ஆனா ஒண்ணு தம்பி, காவலுக்கு வேற நாயாப் பாருங்க. இது திருடனைப் பார்த்தாக் கொட்டாவிதான் விடும்.”

“அதுவும் சரிதான்,” என்றது தம்பியின் குரல். சங்கிலி வேனுக்குள் விழும் சத்தம். வேன் கிளம்பியது.

மூவரும் அசையவில்லை. பல்செட்காரர் இருட்டில் கொட்டாவியின் முகத்தைத் தடவினார். மனைவியின் சேலைத் தலைப்பு அதன் வாய்க்குள் நன்றாகவே போயிருந்தது.

“வாயில சாமான் இருக்கு,” என்றார் மெல்ல.

“எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றார் மனைவி. “இருட்டா இருக்கு.”