ஊர்க் கொசு

வெளிநாட்டுக்காரர்களுக்குப் பயம் காட்டுவதுதான் அந்த மாநாட்டில் எனக்குக் கொடுத்த வேலை. கென்யாவில், கிசுமு நகரத்து ஏரிக்கரை ஹோட்டலில், தண்ணீரைப் பற்றிய மாநாடு. முதல் நாள் காலை மந்திரி பேசி முடித்ததும் நான் மேடையேறி, வந்தவர்கள் முழுசாகத் திரும்பிப் போக என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் நகரச் சுகாதார அதிகாரி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொசுவோடு மல்லுக்கட்டுகிறவள். கையில் மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டேன்.

"குழாய்த் தண்ணில வாய்கூடக் கொப்பளிக்காதீங்க. ஏரி பாக்க அழகா இருக்கும், கால நனைக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத புழு தோல் வழியா உள்ள போயிரும். நீர்யானை புல்லுதான் திங்கும், ஆனா பக்கத்துல போய் போட்டோ எடுத்தா உங்கள ரெண்டாக் கடிச்சுப் போட்டுட்டு மறுபடி புல்லு திங்கப் போயிரும். ஹோட்டல் வண்டியத் தவிர வேற வண்டில ஏறாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஊர் எல்லையத் தாண்டாதீங்க."

சிரித்தார்கள். சிரிக்கத்தான் சொன்னேன். பயந்தவனைவிடச் சிரித்தவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். கடைசியில் மலேரியாவுக்கு வந்தேன்.

"வெள்ளைக்காரங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல, பயத்துலயே மாத்திரை போட்டுருவாங்க. இங்க பொறந்து வெளிநாட்டுல போய் உக்காந்துகிட்டு, விருந்தாளியா வந்திருக்கீங்களே நம்மாளுங்க, உங்களுக்குத்தான் சொல்றேன். சின்ன வயசுல காய்ச்சல் வந்து வந்து உடம்பு பழகிருந்துச்சு. வெளிநாடு போன கொஞ்ச வருஷத்துல உடம்பு அதெல்லாம் மறந்துரும். கொசுவுக்கு நீங்க யாரு மகன், எந்த ஊருன்னு தெரியாது. அதுக்கு நீங்களும் வெள்ளைக்காரன்தான்."

வெள்ளைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். நம்மாட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக மூன்றாவது வரிசையில் சிரித்தவன் என் தம்பி ஒயோ.

ஒயோ என்றால் வழியில் பிறந்தவன். அம்மா சந்தைக்கு மீன் கூடையோடு போகும்போது சாலையோரத்திலேயே பெற்றுப்போட்ட பிள்ளை. படித்து, நார்வேக்குப் போய், தண்ணீர் சுத்தம் செய்கிற இன்ஜினியர் ஆகி, மாரித் என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, இரண்டு பெண் குழந்தைகளோடு பதினாறு வருஷமாகப் பனியில் கிடந்தான். மாநாட்டில் பேசக் கூப்பிட்டதால் வந்திருந்தான்.

தேநீர் இடைவேளையில் என் மேஜைக்கு வந்து தோளில் இடித்தான். "நல்லாத்தான் பூச்சாண்டி காட்டுறக்கா."

"மாத்திரை போட்டியாடா?"

"மாரித் வாங்கிப் பையில வச்சா. தினமும் போடுவேன்னு ஏர்போர்ட்ல சத்தியம் வேற வாங்கிக்கிட்டா."

"போட்டியான்னு கேட்டேன்."

"டென்மார்க்கார அம்மா ஒருத்தங்க பெட்டியத் தொலைச்சிட்டு அழுதுகிட்டு இருந்தாங்க. அவங்களுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவங்களுக்குத்தான தேவை."

அத்தனை கோட்டு சூட்டுக்காரர்கள் நடுவில் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது. "மேடையில தொண்டை கிழியக் கத்துனேனே, எந்தக் காதுல வாங்குன?" என்று என் பெட்டியிலிருந்து வேறு அட்டை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தேன். "சரி தாயே, சரி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் ஹோட்டலில் தங்கியிருந்தால்கூடப் பிழைத்திருப்பான். அங்கே குளிர்சாதனம், ஜன்னல் எல்லாம் கம்பிவலை. ஆனால் ஊரில் அவன் வீடு காத்துக்கொண்டிருந்தது. அப்பா இருந்த வளவுக்குள், எங்கள் குடும்ப வீடுகளெல்லாம் நிற்கிற வேலிக்குள், ஒயோ பணம் அனுப்பிக் கட்டிய வீடு. எங்கள் பக்கம் ஒருவன் கட்டிய புது வீட்டில் முதலில் அவன்தான் படுக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் அதில் அடுப்பு மூட்டக்கூடாது, பாய் விரிக்கக்கூடாது. வீடு கூரை போட்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பூட்டியே கிடந்தது. வளவுக்கே அது ஒரு அசிங்கம் என்று சித்தப்பா ஓகோலா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாநாட்டின் இரண்டாம் நாள் சாயங்காலம் சித்தப்பா ஒயோவின் ஃபோனுக்கே வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டான். "என்னடா வெள்ளைக்காரா, ஹோட்டல்ல தூங்குறதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்த? ஒனக்குன்னு ஒரு வீடு நிக்குது. நாளைக்கு நீ செத்தா எங்க பொதைக்கிறது, ஹோட்டல் வாசல்லயா?"

"இந்தா வந்துட்டேன் சித்தப்பா" என்றான். ஆறு மணிக்கு மேல் மாநாட்டு வண்டி ஊர் எல்லையைத் தாண்டாது, நான் போட்ட விதிதான். நானே என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போனால் வலை கட்டமாட்டான் என்று தெரியும். பின் சீட்டில் மருந்து தோய்த்த கொசுவலை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தேன்.

புது வீட்டு ஜன்னல்களுக்குச் சட்டம் இருந்தது, கதவு இல்லை. நவம்பர் மழை விடாமல் பெய்து வாசலெல்லாம் தண்ணீர் கட்டியிருந்தது. அம்மா தன் வீட்டில் அடுப்பு மூட்டி ஜிலேபி மீன் குழம்பும் உகாலிக் களியும் செய்து வைத்திருந்தாள். மகன் வந்து கதவைத் திறந்தபோது அம்மா குலவையிட்ட சத்தம் சாலை வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நான் வலையைப் பிரித்தேன்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வலைக்குள்ள மீன்தான்டா படுக்கும். புது வீட்டுல மொத ராத்திரி, ஆம்பள வலைக்குள்ள படுப்பானா?"

"சித்தப்பா, கவருமெண்ட் குடுத்த வலைல ஒமேனா மீன் காயப்போடுற ஆளு நீங்க, வாயத் தொறக்காதீங்க" என்றேன்.

"நான் காயப்போடுறேன், எனக்கு என்னாச்சு? ஏரித் தண்ணியக் குடிச்சு வளந்த ஒடம்பு. இவனும் அதே தண்ணிதான். இல்ல, இப்ப இவன் ஒடம்புல வெறும் பனிதான் ஓடுதா?"

எல்லாரும் ஒயோவைப் பார்த்தார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வலையை மடித்து என் அக்காள் பேத்தியிடம் கொடுத்தான். "இந்தாம்மா, நீ கட்டிக்கோ. என்னைய நம்ம ஊர்க் கொசு ஒண்ணும் பண்ணாது, எனக்கு அது சொந்தம்." வளவே சிரித்தது. மூன்று இரவு அங்கே படுத்தான். காலையில் மாநாட்டுக்கு வரும்போது கை முழுக்கத் தடிப்பு. கேட்டால் சொறிந்துகொண்டே, "சொந்தக்காரங்க பாசம்" என்பான். நான் கொடுத்த அட்டை அவன் சட்டைப்பையில் பிரிக்காமலே கிடந்தது. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? கத்தினேன். மாநாட்டு முடிவு வேலையில் நான் மாட்டிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்தே விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

போய் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாரித் கூப்பிட்டுப் பிள்ளைகளை என்னோடு பேசவைப்பாள். அன்றும் கூப்பிட்டாள்.

"இன்னைக்குப் பொண்ணுங்க மட்டும்தான் பேசுவாங்க அகெலோ. ஒயோ படுத்திருக்காரு. ஃப்ளூ. இங்க எல்லா வீட்லயும் அதான்."

"காய்ச்சலா? எப்ப இருந்து?"

"வியாழக்கிழமைல இருந்து. டாக்டர்கிட்டப் போனோமே. கென்யா போனதயும் சொன்னோம். மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களான்னு டாக்டர் கேட்டாரு, தினமும் போட்டேன்னு இவரு சொன்னாரு. ஹோட்டல்லதான் தங்கினேன்னாரு. அப்ப பயப்பட ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க."

"ஃபோன அவன்கிட்டக் குடு."

எங்கள் பாஷையில் பேசினான். குரல் தடித்திருந்தது. "கத்தாதக்கா, தல வெடிக்குது."

"டாக்டர்கிட்டயே பொய் சொன்னியாடா?"

"மாரித் பக்கத்துலயே நின்னா. எப்பிடிச் சொல்ல? சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"பாடையில போற வயசாடா உனக்கு? இப்பவே போய் ரத்தம் குடு. மலேரியான்னு சொல்லு. மூணு ராத்திரி ஜன்னல் இல்லாத வீட்டுல படுத்தேன்னு சொல்லு."

"நாளைக்கு நானே தனியாப் போய்ச் சொல்லிர்றேன். அவகிட்டச் சொல்லிராத, உன் காலப் புடிக்கிறேன்." பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு இல்லடா பாவி. இப்ப."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன். அணைத்துவைத்திருந்தான். மாரித்துக்கு எழுதினேன்: அவன் பொய் சொல்கிறான், ஒரு மாத்திரைகூடப் போடவில்லை, இது ஃப்ளூ இல்லை, இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவள் அடுப்படியில் அவனுக்கு சூப் வைத்துக்கொண்டிருந்தாளாம், அவளுடைய ஃபோன் அவன் தலையணைக்கு அடியில் இருந்ததாம். பின்னால்தான் சொன்னாள்.

அந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? மாநாட்டுக்கு வந்தவர்களில் அதே நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார், ஏரிப்பாசி ஆராய்ச்சி செய்கிற கிழவர். அலுவலகத்துக்கு ஓடி அவர் எண்ணைத் தேடி எடுத்தேன். அவர் ஃபோனை எடுத்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. திட்டித் திட்டி வளர்ந்த வாய், ஒரு வார்த்தை ஒழுங்காக வரவில்லை. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். மலையில் எங்கேயோ இருந்தாராம், அங்கிருந்தே ஆம்புலன்சுக்குச் சொல்லி வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒயோ தரையில் உட்கார்ந்து, எங்கள் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாத தன் மகள்களிடம் அந்தப் பாஷையிலேயே படகைக் கரைக்கு இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

அதற்கப்புறம் ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், சிறுநீரகத்துக்கு ஒரு இயந்திரம், மூச்சுக்கு ஒரு இயந்திரம். இரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாராம். புதன்கிழமை போய்விட்டான்.

மாரித்தும் பிள்ளைகளும் சவப்பெட்டியோடு வந்தார்கள். எங்கள் வழக்கப்படி அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். மாரித் அழவில்லை. சடங்கெல்லாம் முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என்கிட்ட எதுக்கு மறைச்சாரு? நான் அப்பிடிப்பட்டவளா?"

"நீ நல்லவதான். அவனுக்கு உன்கிட்டயும் நல்ல பேரு வேணும், எங்ககிட்டயும் நல்ல பேரு வேணும். ஒத்த ஆளு எத்தன பேருக்கு நல்லவனா இருப்பான்?"

என் மேல்தான் எனக்கு ஆத்திரம், அவள் மேல் கொட்டினேன் என்று அப்புறம் உறைத்தது.

சாவு வீட்டுக்கு வந்த ஜனம் சும்மா இருக்குமா? வீடு கட்டினான், கண் பட்டது என்றார்கள். யாரோ வாசலில் எதையோ புதைத்திருக்கிறார்கள் என்றார்கள். கூட்டத்து நடுவில் எழுந்து நின்று, "கொசு கடிச்சுச் செத்தான். மலேரியாவுல செத்தான். ஒருத்தனும் கண்ணு வைக்கவும் இல்ல, புதைக்கவும் இல்ல" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்: "இங்க பொறந்தவனை மலேரியா கொல்லுமா? எங்க வீட்டுக் கொழந்தைக்கே மாசம் ஒருக்க வருதே." சித்தப்பா ஓகோலா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு, மறுநாள் மத்தியானம், அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அங்க பெரிய பெரிய டாக்டருங்க இருப்பாங்களேடி?"

"இருக்காங்கம்மா."

"அப்புறம் ஏன் கண்டுபுடிக்கல?"

"அவங்க ஊர்ல கொசுக்காய்ச்சல் கெடையாதும்மா. எப்பவாவது ஒருத்தருக்குத்தான் பாப்பாங்க. மாத்திரை போட்டேன்னு இவன் வேற சொல்லிட்டான்."

கையிலிருந்த துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். "அந்தக் காய்ச்சல் இங்க இருக்கும்போதே வந்திருந்தா?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். என் தம்பிக்கு லேசாக வந்தது எனக்கு வரவில்லை. "இங்க வந்திருந்தா பொழச்சிருப்பான்மா. நம்ம ஊரு டிஸ்பென்சரியிலயே விரல்ல குத்திப் பாத்து மாத்திரை குடுத்திருப்பாங்க. ரெண்டு நாள் அனத்திட்டு மூணாம் நாள் மீன் கேட்டிருப்பான்."

அம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"சாலைக்குக் கொண்டுபோய் விட்டேனே, அப்ப கேட்டான்டி. இன்னும் பத்து நாள் லீவு போட்டு இருக்கட்டுமாம்மான்னு. எனக்கும் ஆசதான். பொண்டாட்டி புள்ளைக காத்துக்கிட்டு இருக்கும், இங்க மழையும் சேறுமாக் கெடக்கு, ஒனக்கு ஒத்துக்காது, போயிருய்யான்னு நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்."