பாதிப் பாட்டு

ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் டைம்கீப்பரை யாரும் வேறு பெயரில் கூப்பிடவில்லை. பஸ் டிப்போவில் வேலை பார்த்த நாளில் அவர் தொண்டையைக் கனைத்தால் போதும், டீக்கடையில் நிற்கிற டிரைவரெல்லாம் ஓடிவந்து வண்டியில் ஏறுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் மூன்று நாளாகக் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் அவளுடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வரி. அதுவும் பாட்டு.

"நீ அறியாததோ ஐயா, நான் சொல்லவும் வேண்டுமோ..."

ஒரு எழுத்து பிசகாமல் பாடினாள். பாடிவிட்டு, வாயைப் பாதி திறந்தபடி அவரைப் பார்த்தாள்.

தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை. தலையணையை உயர்த்தினார், இறக்கினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். மறுபடி அதே வரி, அதே பார்வை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் 'நான் சொல்லவும் வேண்டுமோ' என்று பாடுகிறவளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வான்?

அந்த வரி அவருக்குப் புதிதல்ல. அவள் படித்தது வேற்று மதத்தார் நடத்திய பள்ளி. கல்யாணமான புதிதில் துணி மடிக்கும்போது இதைத்தான் முணுமுணுப்பாள். "நம்ம வீட்ல அந்தச் சாமி பாட்டு வேண்டாம்" என்று ஒரே தடவைதான் சொன்னார், டிப்போக் குரலில். அன்றோடு நிறுத்தினாள். முப்பத்தெட்டு வருடம். அவள் மறந்தேபோனாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள். "பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டு நிக்கும் சார். கூடவே பாடுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டு வார்த்தை வந்தாலும் வரும். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அதைப் பாடினார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கீழ் வீட்டுத் தையல்காரம்மா அந்த மதத்துக்காரி, வாரம் தவறாமல் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். எட்டு வருடமாக ஒரே கட்டிடம்; அவள் வாசலை அவர் மிதித்ததில்லை. அன்று போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவள் மிஷினை நிறுத்தினாள்.

"அது பதில் வரிங்க. ரெண்டு அணியா நின்னு பாடணும். முதல் அணி ஒவ்வொரு வரியா பாடும், ரெண்டாவது அணி ஒவ்வொண்ணுக்கும் இதையே பாடும். அக்கா ரெண்டாவது அணி போல."

"அப்ப அவ என்னையே பார்க்கிறது?"

"அடுத்த வரிக்காகக் காத்திருக்காங்க. நீங்கதான் பாடணும்."

டைம்கீப்பருக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக வண்டி கிளம்பாமல் நின்றிருக்கிறது. விசில் அவர் கையில்தான் இருந்திருக்கிறது.

அளவு எழுதும் நோட்டிலிருந்து தாள் கிழித்து முதல் அணியின் ஐந்து வரிகளையும் எழுதிக் கொடுத்தாள். பாடியும் காட்டினாள். பாட்டுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"உங்க சாமி கோவிச்சுக்குமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"நீங்க பாடுறதுக்குக் கோவிச்சுக்காது. பாடுற லட்சணத்துக்கு வேணா கோவிச்சுக்கும்."

மேலே வந்து, தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் பாடினார். "இருட்டிலே நடந்தேன், துணை யாரும் இல்லை..."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சட்டென்று பதில் வரி வந்தது. ஐந்து வரிக்கும் வந்தது. அவர் அழுதுவிட்டார். "இப்ப உன் பேரைச் சொல்லும்மா" என்றார். அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

தினமும் பத்துத் தடவை பாடினார்கள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, அதே ராகத்தில் சொந்தமாக ஒரு வரி பாடினார்.

"பாடாதேன்னு சொன்னேனே, மனசுல வச்சிருக்கியா..."

ஒரு நொடி பிந்தாமல் பதில் வந்தது.

"நீ அறியாததோ ஐயா, நான் சொல்லவும் வேண்டுமோ..."

அவர் அவள் முகத்தில் தேடினார். மற்ற ஐந்து வரிக்கும் இருந்த அதே மலர்ச்சி. மன்னித்தாளா, குத்திக் காட்டினாளா, ராகத்துக்கு மட்டும் பதில் சொன்னாளா? கேட்டால் மறுபடி அதையேதான் பாடுவாள்.

அவள் வாயைப் பாதி திறந்தபடி அவரைப் பார்த்துக் காத்திருந்தாள். அவர் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.