ஏச்சு விழுந்த நாட்கள்

தயாளினி பிளேன்ரீத் தட்டோடு முன்னறைக்குள் வந்தபோது, சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா பக்கத்துக் கதிரைக்காரரிடம், "குடிதான் கொண்டுபோனது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் கிடந்த அப்பா பதினொரு மாதமாக ஒரு சொட்டும் தொடவில்லை. நேற்றுக் காலை பல் தீட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். பத்து மணிக்கே பெரியப்பாவின் வாயில் சாராயம் மணத்தது. அப்படிப்பட்ட மனிதரைத் திருத்துவதில் அவளுக்கு என்ன வந்தது? தேத்தண்ணியை நீட்டிவிட்டு நகர்ந்தாள்.

அப்பா சோமசேகரத்தையும் அவள் ஒருநாளும் மதித்ததில்லை. துறைமுகத்தில் இழுவைப் படகில் கிடைத்த நல்ல வேலையைக் குடித்தே தொலைத்தவர். அம்மா செத்த அன்றும் அவரைப் படகுத்துறையில் தேடிப்பிடித்துத் தூக்கிவர வேண்டியிருந்தது. பிறகு திடீரென்று ஞானம் பிறந்து குடியை விடக் கிளினிக்குக்குப் போனார். ஒரு கொப்பியோடு திரும்பி வந்தார். நித்திரை எப்படி, மனம் எப்படி, குடிக்கும் எண்ணம் வந்ததா என்று நாள்தோறும் தன்னைத் தானே கேட்டுப் பத்துக்குப் புள்ளி போட வேண்டுமாம். மூக்குக்கண்ணாடியும் பேனையுமாக, சோதனை எழுதும் பிள்ளை மாதிரிக் குனிந்திருப்பார்.

"தனக்குத் தானே மாக்ஸ் போடுறவர் எங்க ஃபெயிலாகப் போறார்?" என்று அவருக்குக் கேட்கத்தான் சொல்லுவாள். அவர் நிமிரமாட்டார்.

பதினொரு மணிபோல, கிளினிக்கில் அப்பாவைக் கவனித்த றிஷானா வந்தாள். கைப்பைக்குள் அதே கொப்பி.

"ஐயா இதைச் செவ்வாய்க்கிழமை பார்க்கத் தந்தவர். உங்கட கையில குடுக்கவேணும் எண்டு கொண்டுவந்தனான்."

தயாளினி அதைக் குசினிக்குள் கொண்டுபோய்த் திறந்தாள். எட்டும் ஒன்பதுமாக அள்ளிப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தாள். மூன்றும் நான்குமாக இருந்தது. 'சாராயக்கடை வாசல் வரை போய்த் திரும்பினன்,' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார்.

கடைசிக் கேள்வி: இன்று யாருடனாவது கதைத்தீர்களா?

'ஓம். மகள் ஏசினவள்.'

மறுநாள்: 'ஓம். மீன் வாங்கத் தெரியாது எண்டு மகள் ஏசினவள்.' மனத்துக்கு ஆறு.

மார்கழியில் அவள் கந்தோர் அலுவலாகக் கொழும்பில் நின்ற நாலு நாளும் 'இல்லை' என்றே இருந்தது. புள்ளி இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. ஐந்தாம் நாள்: 'ஓம். மகள் வந்திட்டாள். வீடு கூட்டேல்லை எண்டு ஏசினவள்.' ஏழு.

றிஷானா குசினி வாசலில் நின்றாள்.

"ஏச்சு எப்பிடி ஐயா கதையாகும் எண்டு நான் கேட்டனான். 'அவள் வேற ஆரோடயும் இவ்வளவு கதைக்கிறேல்லை, பிள்ளை' எண்டார்."

தயாளினி கொப்பியை மூடி, கழுவின கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தாள்.

வாய்க்கரிசி முடிந்தது. "மூடுவமே?" என்றார் பெரியப்பா.

"பொறுங்கோ."

பெட்டியருகே குனிந்தாள். உடுத்திவிட்டவர்கள் அப்பாவின் சேட்டுப் பொத்தான்களை ஒரு துளை தள்ளித் தள்ளிப் பூட்டியிருந்தார்கள்.

"அறுபத்தொரு வயசு. ஒரு பொத்தான் ஒழுங்காப் பூட்டத் தெரியாது," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "சனம் பார்த்துச் சிரிக்கப் போகுது. உங்களுக்கு என்ன, எல்லாத்துக்கும் நான்தானே..."

யாரோ தோளைத் தொட்டார்கள். அவள் நகரவில்லை. மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிக்கொண்டே ஏசிக்கொண்டிருந்தாள்.